துயருறுவோர் பட்டியல்

ஜூலை 5, சனி

பல்கலைக்கழகத்தில் இன்று முதல் வகுப்பு. ஒன்பது மணி என்று அறிவித்துவிட்டு ஒன்பது இருபத்தைந்துக்கு ஆரம்பித்தார்கள். முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். அறுபத்தொன்பது வயதில் நான் ஒருத்திதான்.

படிப்பின் பெயர் ‘தற்சார்புப் பணியும் சிறுதொழில் மேலாண்மையும்’. ஆறு மாதம், சனி ஞாயிறு மட்டும். மற்றவர்கள் ஃப்ரீலான்ஸிங் கோர்ஸ் என்கிறார்கள். எதற்காகச் சேர்ந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் எழுந்து சொல்லச் சொன்னார் பேராசிரியர் ஜெபசிங். அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. கான்வென்டில் பள்ளியிறுதியில் நான்தான் முதல், அதற்கு மேல் அப்பா படிக்க விடவில்லை, என் பெயர் போட்ட பல்கலைக்கழகச் சான்றிதழ் ஒன்று வேண்டும் என்றேன். கை தட்டினார்கள். கை தட்டும்படி நான் எதுவும் சொல்லவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தவள் நஸீமா. முப்பது வயது. மேலப்பாளையத்தில் ஓர் அச்சகத்தில் டிசைன் செய்கிறாள். சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டுமாம்.

“ஆச்சி, பேனா இருக்கா?” என்றாள்.

கொடுத்தேன். ஆச்சி என்று கூப்பிடக் கூடாது, மேடம் என்று சொல் என்றும் சொன்னேன்.

ஐந்து நிமிடம் கழித்து, “மேடம், ஒங்க பேனால மை இல்ல மேடம்,” என்றாள்.

விண்ணப்பத்தில் விடுபட்ட இடங்களை நிரப்பச் சொன்னார்கள். கணவர் பெயர்: அமரர் சிதம்பரநாதன். பிள்ளைகள்: இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆளுக்கொரு சேவையைத் தேர்ந்தெடுத்து, முன்பின் தெரியாத மூன்று வாடிக்கையாளர்களுக்குச் செய்து காட்ட வேண்டும். அதுதான் தேர்வு. இருவர் இருவராகச் சேரலாம்.

நான் எடுத்துக்கொண்டது பதினாறாம் நாள் காரியக் கார்டு. வகுப்பில் சிரித்தார்கள். போன மாதம் எனக்கு வந்த ஒரு கார்டைப் படித்துக் காட்டினேன். இறந்தவருக்காகத் துயருறுவோர் பட்டியலில் மூன்றாம் பெயர், எட்டு வருடத்துக்கு முன்பே செத்துப்போன அவருடைய மருமகன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ஒரு மனிதரைப் பற்றிக் கடைசியாக அச்சாகும் தாள் அது. அதிலாவது பிழை இருக்கக் கூடாது.

“நான் ஒங்ககூடச் சேந்துக்கிடுதேன் மேடம்,” என்றாள் நஸீமா. “எழுத்து நீங்க, டிசைன் நானு. சாவுக்கு சீசன் கிடையாது பாருங்க.”

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலை ஏழரைக்கு என் கணவர் போனில் அழைப்பு. அவர் போனைத்தான் இப்போது நான் வைத்திருக்கிறேன். ஒன்றாம் தேதிதோறும் இது வரும். திரையில் ‘மின்வாரியம்’ என்று தெரியும். அவர் அப்படித்தான் பதிந்துவைத்திருந்தார். எடுக்கவில்லை.

மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வரச் சொல்லியிருந்தேன். வரவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சரிபார்ப்புத் தாள் ஒன்று தயாரித்தேன். கார்டில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி. உறவு, பெயர், துணைவர் பெயர், தொழில், ஊர். குடும்பத்தார் எழுதிக்கொடுத்தால் போதாது, ஒவ்வொருவரிடமும் நானே தொலைபேசியில் பேசி உறுதி செய்ய வேண்டும். பேசிய நாள், நேரம், சொன்ன பதில் எல்லாம் தாளில் ஏற வேண்டும். கடைசியில் வாடிக்கையாளர் கையெழுத்து.

சிஸ்டர் பெர்னதெத் எங்கள் வகுப்பில் சொல்வார், தன் கண்ணால் சரிபார்க்காத எதன் கீழும் பெண்பிள்ளை கையெழுத்துப் போடக் கூடாதென்று. ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்றுவரை மீறியதில்லை.

ஜெபசிங் தாளை எல்லோருக்கும் காட்டினார். “கம்பெனில கூட இந்த மாதிரிப் பாத்ததில்ல மேடம்,” என்றார். வேலை எல்லையை மட்டும் மறக்க வேண்டாம் என்றார். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்ய வேண்டும். கேட்காததை நாமாகச் செய்யக் கூடாதாம். அரைகுறை வேலைக்கு இப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 13, சனி

நஸீமா வீட்டுக்கு வந்தாள். மாதிரிக்கு என்று என் கணவரின் காரியக் கார்டைக் கேட்டாள். கொடுத்தேன். சத்தமாகப் படித்தாள்.

“துயருறும்: மனைவி சங்கரவடிவு, தம்பி குடும்பத்தார். அவ்ளோதானா மேடம்?”

“அவ்வளவுதான்.”

பேனாக்கள் போட்டு வைத்திருக்கும் வெள்ளிக் கோப்பையைத் திருப்பிப் பார்த்தாள். “பேச்சுப் போட்டி, முதல் பரிசு, மீனலோசனி, ஆறாம் வகுப்பு. யாரு மேடம் இது?”

டீ ஆறுகிறது என்றேன்.

அக்டோபர் 1, புதன்

மின்வாரியம். எடுக்கவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

இரண்டாவது கார்டும் முடிந்தது. முதல் கார்டில் பதினேழு பெயர், இதில் இருபத்திரண்டு. பிழை இல்லை. தொலைபேசியில் பேசுவது பழகிவிட்டது. “வணக்கம். சங்கரவடிவு பேசுகிறேன். ஒரு பெயரைச் சரிபார்க்க வேண்டும்.” இவ்வளவுதான் சொல்வேன். சிலர் அழுகிறார்கள். முடியும்வரை காத்திருந்து இனிஷியலைக் கேட்பேன்.

நவம்பர் 15, சனி

மூன்றாவது வாடிக்கையாளர். ஆற்றுக்குத் தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒரு கிராமம். நானும் நஸீமாவும் ஆட்டோவில் போனோம். இறந்தவர் விவசாயி, எழுபத்திரண்டு வயது. மூத்த மகன் இசக்கிபாண்டி வாசலிலேயே பட்டியலைக் கொடுத்துவிட்டார்.

“ஆச்சி, பந்தலு, சமையலு, மேளம்னு எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு. எல்லாத்தயும் நீங்களே பாத்துப் போட்டுருங்க. கையெழுத்துன்னா எங்கம்மைட்ட வாங்கிக்கிடுங்க.” பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

பட்டியலில் மூன்று மகன்கள். மகள் இல்லை. உள்ளே அவருடைய அம்மா பிரமு அம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பெயர்களைப் படித்துக் காட்டினேன். வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். கேட்பது என் முறை. எல்லா வீட்டிலும் கேட்பேன்.

வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு பொட்டப்புள்ள இருக்காம்மா. ராமலட்சுமி. நாலு வருசமாச்சி போயி. வேத்து ஆளுகூட. அண்ணம்மாருக்கு ஆவாது. எங்க இருக்கான்னு எனக்கே தெரியாது, போன் நம்பரு மட்டும் ஒரு புண்ணியவாட்டி கொண்டாந்து குடுத்தா.” வெற்றிலைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். “அவ அப்பன் கடேசில அவ பேரத்தான் சொன்னாவ. கார்டுல அவ பேரு இருக்கணும்மா. மத்தவனுவ பேரு இல்லாட்டாலும் செரி.”

அந்தக் காகிதத்திலிருந்து எண்ணைத் தாளில் எழுதும்போது ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதித் திருத்தினேன். காலையில் சாப்பிடாமல் போனது காரணம்.

திரும்பும்போது ஆட்டோ பாலத்தைத் தாண்டியதும் நஸீமா, “மேடம், இதுல நாம தலையிட வேண்டாமே,” என்றாள். வாடிக்கையாளர் கேட்டிருக்கிறார், இது வேலை எல்லைக்குள்தான் வருகிறது என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

பகல் பதினொன்று பத்துக்கு ராமலட்சுமியை அழைத்தேன். வகுப்புக்கு வெளியே, வேப்பமரத்தடியில். நஸீமா கூட நின்றாள்.

வழக்கமான வார்த்தைகளைச் சொன்னேன். மறுமுனையில் ஏதோ இரும்பு அறுபடும் சத்தம். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

“அப்பா கார்டுலயா? என் பேரா? நெசமாவா சொல்லுதிய?”

“உங்கள் அம்மா சொல்லியிருக்கிறார்.”

அழுதாள். காத்திருந்தேன். கணவர் பெயர் மரியசெல்வம் என்றாள். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார் என்று பட்டறையின் பெயரையும் சொன்னாள். ஊரைக் கேட்டேன்.

“ஊரு வேண்டாம்மா.”

மற்ற எல்லாப் பெயருக்கும் ஊர் இருக்கிறது, ஒரு வரியில் மட்டும் இல்லாவிட்டால் உங்களை ஒதுக்கி வைத்ததுபோல் தெரியும் என்றேன். அது உண்மை. அப்படித்தான் தெரியும். மறுபடி கேட்டபிறகு, “செரிம்மா. எங்கப்பா காரியத்துல முழுசா இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

[இந்த இடத்தில் பட்டறையின் பெயரும் ஊரின் பெயரும் எழுதியிருந்தேன். டிசம்பர் 10 அன்று இரண்டையும் மையால் அழித்தேன்.]

தாளில் உள்ளபடி எழுதினேன்: ‘ஊர் – முதலில் சொல்ல விரும்பவில்லை. வற்புறுத்தியபின் தந்தார்.’

நஸீமா என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். “மேடம், பேரு போடுவோம். ஊரு வேண்டாம்.”

“ஏன்?”

“ஆவாதவனுக்கு எதுக்கு மேடம் அட்ரஸ்?”

“அப்பாவின் காரியம். அதைவிடவா பகை பெரிது?”

“ஒங்க தாள்ல ஒரு கட்டம் காலியா இருக்கும். அதான ஒங்களுக்குப் பிரச்சன?”

நாளைக்குள் டிசைன் வேண்டும் என்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

பிரமு அம்மாள் கைரேகை வைத்தார். ராமலட்சுமியின் வரியைத் தொட்டுக் காட்டச் சொல்லி, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். அச்சானது. நஸீமா எல்லா வரியும் அடித்திருந்தாள். பிழை இல்லை.

கார்டுக் கட்டுகளை இசக்கிபாண்டியிடம் ஒப்படைத்தேன். ஒன்றை எடுத்து நின்றபடியே படித்தார். கீழே வந்ததும் நிறுத்தினார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து, சொல்ல வேண்டியதைத் தயாராக வைத்திருந்தேன். அவர் சத்தம் போடவில்லை.

“வேல சுத்தமா இருக்கு ஆச்சி,” என்றார். “ஊரு, கடப் பேரு எல்லாம் தெளிவா போட்டிருக்கிய.”

மற்றக் கட்டுகளைப் பிரிக்காமலே உள்ளே போட்டார். கையிலிருந்த கார்டை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாடிக்கையாளர் கருத்து: திருப்தி.

டிசம்பர் 1, திங்கள்

மின்வாரியம். இன்று ரொம்ப நேரம் அடித்தது. பச்சைப் பொத்தான்மேல் விரலை வைத்திருந்தேன். பால் பொங்கியது. போய் அணைத்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

பத்திரிகையில் ஏழாம் பக்கம். நேற்றுக் காலை ஒரு வெல்டிங் பட்டறைக்கு மூன்று பேர் வந்திருக்கிறார்கள். இரும்புக் கதவு செய்ய வேண்டும் என்று அளவு சொல்லியிருக்கிறார்கள். மரியசெல்வம் குனிந்து அளவைச் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் எழுதிக்கொண்டிருந்தபோது வெட்டியிருக்கிறார்கள். அங்கேயே இறந்துவிட்டார். தப்பி ஓடும்போது பிடிபட்டவர் மனைவியின் மூத்த அண்ணன். சட்டைப் பையில் ஒரு காரியக் கார்டு இருந்ததாகப் போலீசார் சொன்னார்கள்.

இசக்கிபாண்டியின் இனிஷியலைப் பத்திரிகையில் தவறாகப் போட்டிருக்கிறார்கள்.

கார்டில் பிழை இல்லை.

டிசம்பர் 10, புதன்

நஸீமா வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“பாத்தியளா மேடம்?”

“பார்த்தேன்.”

“என் கையாலதான் அடிச்சேன் அந்த ஊர. வேண்டாம்னு சொல்லிக்கிட்டே அடிச்சேன். எனக்கு ராத்திரி தூக்கமில்ல. நீங்க தூங்குனியளா?”

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. “ஒங்களுக்கென்ன, பேரு கரெக்டா இருக்கு, ஊரு கரெக்டா இருக்கு. ஆளுதான் இல்ல,” என்றாள். கோர்ஸை விட்டுவிடுகிறாளாம். கோப்பில் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். எடுக்க மாட்டேன், வேலை செய்தவர் பெயர் இருக்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

போலீஸ் நிலையத்துக்கு நானே போனேன். யாரும் கூப்பிடவில்லை. சரிபார்ப்புத் தாளின் அசலைக் கொடுத்துவிட்டு நகலை வைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். முழுவதும் படித்தார். “வற்புறுத்தியபின் தந்தார்” என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தார்.

“இத நீங்களே எழுதினீங்களா?”

“நடந்ததை எழுதினேன்.”

“இவ்வளவு தெளிவா யாரும் எழுதித் தந்ததில்லம்மா,” என்றார். பாராட்டா இல்லையா என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை. வழக்குக்கு உதவும் என்றார்.

டிசம்பர் 15, திங்கள்

ராமலட்சுமியை அழைத்தேன். எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். எடுத்தாள். இரும்புச் சத்தம் இல்லை.

சங்கரவடிவு பேசுகிறேன் என்றேன். அதற்கு மேல் எழுதிவைத்திருந்ததைப் படிக்க முடியவில்லை.

“ஊரு வேண்டாம்னு சொன்னேன்லம்மா,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்துவதுபோல் சொன்னாள். பிறகு வைத்துவிட்டாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

ஒன்றும் செய்யவில்லை.

டிசம்பர் 27, சனி

ஜெபசிங் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர். “மேடம், ரெண்டு கிளையண்ட் வேலையே பிரமாதம். மூணாவது ஃபைல விட்டுருங்க. வைவாவுக்கு வெளியிலருந்து ஆள் வர்றாரு. நான் சொல்லிச் சமாளிச்சுக்கிடுதேன்.”

விட மாட்டேன் என்றேன்.

“ஏன் மேடம் ஒங்களயே நோகடிச்சுக்கிடுதிய?”

ஒரு முறை விட்டிருக்கிறேன் என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

ஜனவரி 1, வியாழன்

ஏழரை. எட்டு முறை அடித்து நின்றது. வீட்டைத் துடைத்தேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஜனவரி 10, சனி

வைவா. வெளியிலிருந்து வந்தவர் கோட்டுப் போட்டிருந்தார். மூன்று கோப்புகளையும் புரட்டினார். மூன்றாவதில் சரிபார்ப்புத் தாளின் நகலை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

“எக்ஸலண்ட். இந்த வயசுல இப்படி ஒரு டாக்குமெண்டேஷன். அடுத்த பேட்சுக்கு இத மாதிரியாக் குடுக்கலாம்.”

பதினேழாவது வரியைப் படியுங்கள் என்றேன்.

“படிச்சேன் மேடம். ரொம்ப நேர்மையா எழுதிருக்கீங்க.”

“அந்த வரியால் ஒருவர் செத்துப்போனார்.”

ஜெபசிங் குனிந்து மேசையைப் பார்த்தார். வந்தவர் தாளைக் கீழே வைத்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, “வாடிக்கையாளர் கையெழுத்து இருக்குல்ல? அப்ப ஒங்க மேல தப்பில்ல,” என்று சொல்லி ஏதோ எழுதினார்.

அது கைரேகை, கையெழுத்து அல்ல. திருத்தவில்லை.

ஜனவரி 24, சனி

சான்றிதழ் கொடுத்தார்கள். முதல் வகுப்பு, இந்தப் பிரிவில் முதலிடம். என் பெயர் சரியாக இருக்கிறது. துணி அலமாரியில் சேலைகளுக்கு அடியில் கவிழ்த்து வைத்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஏழேகாலுக்கே அவர் போனை மேசைமேல் வைத்து எதிரில் உட்கார்ந்தேன். எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். ஏழரை. ஏழே முக்கால். எட்டு. ஒலிக்கவில்லை. அவர் போனபின் இருபத்தேழு மாதத்தில் இதுதான் முதல் முறை.

எழுதிவிடுகிறேன். அந்த எண் மின்வாரியத்தினுடையது அல்ல. ஒன்றாம் தேதிதோறும் அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். மின்வாரியத்தோடு யாரும் அரைமணி நேரம் சிரித்துப் பேசுவதில்லை. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். மீனலோசனி எங்கள் மகள். ஒரே மகள். பதினான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஆட்களில் இல்லாத ஒருவரைத் தன் விருப்பப்படி கட்டிக்கொண்டாள். வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்றது நான். அவர் கார்டை எழுதியதும் நான். பிள்ளைகள் பெயர் விட்டுப்போயிருக்கிறதே என்று அச்சகத்தில் கேட்டார்கள். விட்டுப்போகவில்லை, அப்படியே அடியுங்கள் என்றேன்.

எட்டேகாலுக்கு நானே அழைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள். என்ன சொல்வதென்று யோசித்து வைக்கவில்லை. பழகிப்போன வார்த்தைகள்தான் வந்தன.

“வணக்கம். சங்கரவடிவு பேசுகிறேன். ஒரு பெயரைச் சரிபார்க்க வேண்டும்.”

மறுமுனையில் குக்கர் சீறிக்கொண்டிருந்தது.

“யாரு காரியத்துக்கு?” என்றாள்.

“என்னுடையதுக்கு.”

“ஒடம்புக்கு என்ன?”

“ஒன்றுமில்லை. முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்.”

மூச்சு விடுவது கேட்டது. “அப்பா கார்ட நானும் பாத்தேன்மா. சித்தப்பா மவன் போன்ல அனுப்பினான். மூணு தடவ படிச்சேன். எங்கயாவது சின்ன எழுத்துலயாவது இருக்குமோன்னு.”

பேனாவை எடுத்துத் தாளில் ‘மகள்’ என்று எழுதினேன்.

“இந்த மாசம் நான் கூப்பிடல. எடுக்க மாட்டியன்னு விட்டுட்டேன்.”

மகள், மீனலோசனி, சரியா என்று கேட்டேன். சரி என்றாள். அவள் கணவர் பெயரைக் கேட்டேன். பதினான்கு வருடத்தில் அதைக் கேட்டதில்லை. சொன்னாள். எழுதிக்கொண்டேன். நான் கேட்காமலே, ஒரு பையன் இருப்பதாகச் சொல்லிப் பெயரையும் சொன்னாள். அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டேன்.

“ஊரு கேக்கலியே?”

“ஊர் வேண்டாம்,” என்றேன்.

“அதுகூட ஒங்க கார்டுல வரக் கூடாதா?”

நான் சொல்ல வந்தது அதுவல்ல. சொல்வதற்குள் குக்கர் விசில் அடித்தது. அடுப்பைப் பார்க்கணும் என்று வைத்துவிட்டாள்.

தாளில் எழுதினேன். பேசிய நாள்: பிப்ரவரி 1. நேரம்: காலை 8.15 முதல் 8.19 வரை. பெயர் சரிபார்க்கப்பட்டது. ஊர்: கேட்கவில்லை. காரணம்: அவளிடம் சொல்லப்படவில்லை.

இப்போது மணி எட்டு நாற்பது. சமையலை முடித்திருப்பாள். மறுபடி அழைக்கிறேன்.